ஒரே வட்டில் விண்டோசும் லினக்சும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் ப்ராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. இதனால், இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினிகள் ஏராளமான வீடுகளிலும் கடைகளிலும் ஒரே நாளில் பழையவை ஆகிவிட்டன. அவற்றை வைத்திருப்பவர்கள் பலர் இப்போது லினக்ஸ் பக்கம் பார்க்கிறார்கள். ஆனால் விண்டோசை அடியோடு விட்டுவிடவும் முடியவில்லை. கடைக்கணக்கு டேலியில் இருக்கிறது. டிடிபி வேலை செய்பவரின் பழைய கோப்புகள் பேஜ்மேக்கரில் கிடக்கின்றன. பிள்ளைகளின் விளையாட்டுகளில் சில விண்டோசில் மட்டுமே ஓடும்.

இரண்டையும் வைத்துக்கொள்ள நாற்பது ஆண்டுகளாக ஒரு வழி இருக்கிறது. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்களை அடுத்தடுத்து நிறுவி, கணினியை இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது. டூயல் பூட் என்கிறோம். (வட்டு என்று இங்கே சொல்வது சுழலும் ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துத்தான்.)

இதைச் செய்யப் பலரும் தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: ஏதாவது தவறாகி, இருப்பதும் போய்விட்டால்? பயம் நியாயமானதே. ஆனால் அது கணினி முழுவதையும் பற்றிய பயமாக இருக்க வேண்டியதில்லை. ஆபத்து பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று, வட்டில் எல்லை பிரிக்கும் இடம். மற்றொன்று, கணினி விழித்தெழும் பாதை. இந்த இரண்டிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பொத்தானை அழுத்தும் முன் நின்று நிதானிக்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே கெர்னல்

எந்த இயங்குதளத்துக்கும் மையம், கெர்னல் எனப்படும் நிரல். நினைவகத்தின் எந்தப் பகுதி எந்த மென்பொருளுக்கு, வட்டின் எந்த இடத்தில் எந்தக் கோப்பு, தட்டிய எழுத்து எந்தச் சாளரத்துக்கு என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுவே. வன்பொருள் முழுவதும் தன் பொறுப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கெர்னலும் வேலை செய்கிறது. இரண்டு கெர்னல்கள் ஒரே நேரத்தில் ஒரே வட்டுக்கு ஆணையிட்டால், ஒன்று எழுதியதை மற்றது அறியாமல் அதன் மேலேயே எழுதிவிடும்.

ஆகவே டூயல் பூட்டில் இரண்டும் சேர்ந்து ஓடுவதே இல்லை. லினக்ஸ் ஓடும்போது விண்டோஸ் என்பது வட்டில் இருக்கும் வெறும் கோப்புகள். விண்டோஸ் ஓடும்போது லினக்சும் அப்படியே. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, கணினியை மறுபடி தொடங்கத்தான் வேண்டும். இந்தச் சிரமத்துக்குப் பதிலாகக் கிடைப்பது முழு வேகம். 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியிலும், அந்த நேரத்தில் ஓடும் இயங்குதளம் அந்த நான்கையும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

பொத்தானை அழுத்திய பிறகு

மின்சாரம் வந்த நொடியில் ப்ராசசருக்கு வட்டு என்றால் என்ன, கோப்பு என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு முகவரி. இன்டெல், ஏ.எம்.டி. ப்ராசசர்களில் அது 4 ஜிகாபைட் எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கிறது. முதல் கட்டளையை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது ப்ராசசரின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அந்த முகவரி, மதர்போர்டில் இருக்கும் சிறிய ஃபிளாஷ் சிப்புக்குள் எழுதப்பட்ட ஃபர்ம்வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பழைய கணினிகளில் இந்த ஃபர்ம்வேரின் பெயர் பயாஸ். இன்றைய கணினிகளில் யூ.இ.எஃப்.ஐ.

நினைவகம், விசைப்பலகை, திரை எல்லாம் சரியா என்று பார்த்த பிறகு ஃபர்ம்வேர் வட்டைத் தேடும். பயாஸ் காலத்து முறை மிக எளியது. வட்டின் முதல் 512 பைட்டை அப்படியே நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைத்துவிடும். 512 பைட் என்பது மிகச் சிறிய இடம். யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகிறது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியில் பாதிகூட அதற்குள் அடங்காது. எம்.பி.ஆர். எனப்படும் இந்தத் துண்டில் முதல் 446 பைட் தொடக்க நிரலுக்கு. அடுத்த 64 பைட், வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. கடைசி 2 பைட், இது செல்லுபடியாகும் எம்.பி.ஆர்.தான் என்று காட்டும் முத்திரை.

இந்த அமைப்பு 1983 மார்ச்சில், ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. எக்ஸ்.டி. கணினியோடும் பி.சி. டாஸ் 2.0 இயங்குதளத்தோடும் வந்தது. அந்தக் கணினியின் வட்டுக் கொள்ளளவு 10 மெகாபைட். அட்டவணையில் 16 பைட் அளவுள்ள நான்கு வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை, இதிலிருந்துதான் கணினி தொடங்க வேண்டுமா என்று சொல்லும். அன்றைய டாஸ், ஒரு வட்டில் தனக்கென்று ஒரு பார்ட்டிஷனை மட்டுமே வைத்துக்கொண்டது. மீதி வரிகள் மற்ற இயங்குதளங்களுக்கு. அதாவது, ஒரே வட்டை நான்கு இயங்குதளங்கள் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்பது அந்த எக்ஸ்.டி. கணினியின் ஹார்ட் டிஸ்க் அமைப்பிலேயே இடம் பெற்றிருந்த ஏற்பாடு. இரண்டாவது இயங்குதளத்தை நிறுவுகிறவர் கணினியின் இயல்புக்கு விரோதமாக எதையும் செய்வதில்லை.

லினக்சே இப்படிப் பிறந்ததுதான். 1991 ஜனவரியில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் 386 ப்ராசசர் உள்ள கணினி ஒன்றை வாங்கி, அதில் மினிக்ஸ் இயங்குதளத்தை நிறுவினார். தன் கெர்னலை மினிக்சில் எழுதிக் கம்பைல் செய்து, அதே கணினியில் சோதித்துப் பார்த்தார். அந்த ஆகஸ்ட் 25 அன்று மற்றவர்களுக்கு அறிவித்தார். பிறகு ஒரு நாள், மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளை தவறுதலாக வட்டுக்குப் போய், அவருடைய மினிக்ஸ் பார்ட்டிஷன் சிதைந்தது. அதை மீண்டும் நிறுவுவதற்குப் பதில், இனி லினக்சிலேயே முழுதாக வேலை செய்வது என்று முடிவெடுத்தார். அவருக்கு அது நன்மையாக முடிந்தது. நமக்குள்ள பாடம் வேறு: வட்டு தொடர்பான கட்டளை எதுவானாலும், அது எந்தக் கருவிக்குப் போகிறது என்பதை இருமுறை பார்த்துவிட்டே எண்டர் தட்ட வேண்டும்.

எல்லையை நகர்த்துவது

கிராம நிர்வாக அலுவலகத்தில் நிலப் பதிவேடும் புலப்படமும் இருக்கின்றன. எந்தப் புல எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அவைதாம் சொல்லும். பதிவேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் வயலில் நிற்கும் நெல் மறைந்துவிடாது. ஆனால் பதிவேட்டைப் பார்த்து, அந்த இடம் காலி என்று எண்ணி இன்னொருவர் ஏர் பூட்டினால் பயிர் போய்விடும். பார்ட்டிஷன் அட்டவணைக்கும் வட்டில் உள்ள தரவுக்கும் இருக்கும் உறவு இதுதான். அட்டவணை வரி அழிந்துபோன வட்டில், வேறெதுவும் எழுதாமல் உடனே நிறுத்திக்கொண்டால், டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகள் பழைய எல்லைகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தரக்கூடும். அந்த இடத்தைப் புதிதாக ஃபார்மேட் செய்துவிட்டால் கதை மாறிவிடும். முக்கியமாக எஸ்எஸ்டிகளில், ஃபார்மேட் செய்யும்போது ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்ற டிரிம் ஆணையும் வட்டுக்குப் போய்விடலாம். அதன்பின் மீட்பது மிக அரிது.

விண்டோஸ் முழு வட்டையும் பிடித்திருக்கும் கணினியில், லினக்சுக்கு இடம் எடுப்பது இரண்டு படிகளாக நடக்கிறது. முதலில், பார்ட்டிஷனுக்கு உள்ளே இருக்கும் கோப்பு முறைமையான என்.டி.எஃப்.எஸ். தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்: கடைசிப் பகுதியில் இருக்கும் தரவுகளை முன்னால் நகர்த்தி, தன் கணக்கேட்டில் புதிய அளவை எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே அட்டவணையில் அந்தப் பார்ட்டிஷனின் முடிவைத் திருத்த வேண்டும். வரிசை மாறினால், அல்லது நடுவில் மின்சாரம் போனால், கோப்பு முறைமை நினைத்திருக்கும் எல்லையும் அட்டவணை சொல்லும் எல்லையும் ஒத்துப்போகாது. தரவு இழப்பு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. அதனால்தான் விண்டோசின் பார்ட்டிஷனைச் சுருக்க விண்டோசுக்குள் இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியையே பயன்படுத்தச் சொல்கிறார்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவைத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

இங்கே பலரும் ஒரு புதிரைச் சந்திக்கிறார்கள். வட்டில் 200 ஜிகாபைட் காலியாக இருக்கும். ஆனால் 30 ஜிகாபைட்தான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்லும். காலியிடம் எவ்வளவு என்பது இதில் முக்கியமில்லை. நகர்த்த முடியாத கோப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். நினைவகத்துக்குத் துணையாக இருக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேட் கோப்பு, என்.டி.எஃப்.எஸ். கணக்கேட்டின் சில துண்டுகள் ஆகியவற்றை விண்டோஸ் ஓடும்போதே இடம் மாற்ற முடியாது. அவற்றில் ஒன்று வட்டின் நடுவில் இருந்தாலும் அதைத் தாண்டிச் சுருக்க வழியில்லை. ஹைபர்னேட் வசதியையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மறுபடி தொடங்கிச் சுருக்கினால் பெரும்பாலும் தேவையான இடம் கிடைத்துவிடும்.

ஒரே இடத்துக்கு இருவர் என்ற பழைய சிக்கல்

எம்.பி.ஆர். முறையில் அட்டவணைக்கு நான்கு வரிகள் இருந்தன; தொடக்க நிரலுக்கோ 446 பைட் கொண்ட ஒரே இடம்தான். கடைசியாக நிறுவப்பட்ட இயங்குதளம் அந்த இடத்தைத் தன் நிரலால் நிரப்பிவிடும். விண்டோஸ், அங்கே ஏற்கெனவே வேறொன்று இருக்கிறதா என்று பார்க்காமலே எழுதியது. லினக்சின் தொடக்க நிரலோ, தான் காட்டும் தேர்வுப் பட்டியலில் மற்ற இயங்குதளங்களையும் சேர்த்துக்கொள்ளத் தெரிந்தது. ‘முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்’ என்ற பழைய விதி இதிலிருந்து வந்தது.

லினக்சின் தொடக்க காலத்தில் அந்தப் பட்டியலைக் காட்டியது வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ. அது கெர்னல் கோப்பு வட்டின் எந்தெந்த இடங்களில் இருக்கிறது என்பதை எண்களாகக் குறித்துவைத்துக்கொள்ளும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால், கணினி தொடங்காது. 1995-இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் இந்தக் குறையை நீக்கியது. கோப்பு முறைமைகளைத் தானே படிக்கத் தெரிந்ததால், கெர்னலை அது பெயரைச் சொல்லியே தேடி எடுத்தது. இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் நாம் காணும் பட்டியல், அந்தக் கிரப்பின் இரண்டாம் தலைமுறை.

எம்.பி.ஆருக்கு இன்னொரு வரம்பும் இருந்தது. பார்ட்டிஷன் எல்லைகளை 32 பிட் எண்களால் குறித்ததால், 512 பைட் கணக்கில் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் அதனால் எண்ண முடியவில்லை. வட்டுகள் அந்த அளவைத் தாண்டியபோது வேறு ஏற்பாடு கட்டாயமானது.

அந்த ஏற்பாடு, 1990-களின் பிற்பகுதியில் இன்டெல் தன் இட்டேனியம் ப்ராசசருக்காகத் தொடங்கிய ஃபர்ம்வேர் முயற்சியிலிருந்து வந்தது. 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பு ஒன்று அதன் பொறுப்பை ஏற்றது. அதுவே யூ.இ.எஃப்.ஐ. அதனுடன் வந்த புதிய அட்டவணையின் பெயர் ஜி.பி.டி. நான்கு வரிகளுக்குப் பதில் வழக்கமாக 128 வரிகள். எல்லைகளுக்கு 64 பிட் எண்கள். அட்டவணையின் நகல் ஒன்று வட்டின் கடைசியிலும் இருக்கும். ஏதேனும் ஒன்று சிதைந்தால் கண்டுபிடிக்கச் சரிபார்ப்பு எண்ணும் உண்டு.

டூயல் பூட்டுக்கு இதைவிடப் பெரிய மாற்றம், ஒரே இடத்துக்கான போட்டி ஒழிந்ததுதான். யூ.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேருக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். அதற்காக வட்டில் ஃபேட்32 வடிவில் ஒரு சிறிய பார்ட்டிஷன் இருக்கும், இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெயர். விண்டோஸ் தன் தொடக்க நிரலை மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டரில் வைக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு தன்னுடையதை உபுண்டு என்ற ஃபோல்டரில் வைக்கிறது. ஒன்றை ஒன்று தொட வேண்டிய தேவையே இல்லை. எது முதலில், எது அடுத்து என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நிலைநினைவகத்தில் பதிவாகிறது.

விண்டோசின் பெரிய புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு லினக்ஸ் பட்டியல் காணாமல் போனால் பதற வேண்டாம் என்பதற்குக் காரணமும் இதுவே. பெரும்பாலான சமயங்களில் லினக்ஸ் அழிந்திருக்காது. வரிசையில் விண்டோஸ் முன்னால் வந்திருக்கும். கணினி தொடங்கும்போது எஃப்2, எஃப்12 போன்ற விசையை அழுத்தி ஃபர்ம்வேர் பக்கத்துக்குப் போய் வரிசையைத் திருத்தினால் போதும். மறுபுறம், லினக்சை நிறுவிய பின் விண்டோஸ் பட்டியலில் தெரியாமலும் போகலாம். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைத்துவைக்கப்பட்டுள்ளது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் தென்பட்டுவிடும்.

தேர்வு யார் கையில்?

கணினி தொடங்கும் முதல் சில நொடிகளை யார் ஆள்வது என்பதில் தொழில்நுட்பத்தோடு வணிகமும் கலந்திருக்கிறது. 1990-களின் இறுதியில் பீ என்ற நிறுவனம், பீஓஎஸ் என்ற தன் இயங்குதளத்தை விண்டோசுடன் சேர்த்து விற்கக் கணினித் தயாரிப்பாளர்களை நாடியது. ஜப்பானில் ஹிட்டாச்சி தன் ஃபுளோரா பிரியஸ் வரிசைக் கணினிகளில் இரண்டையும் வைத்து விற்றது. ஆனால் இயக்கினால் நேரே விண்டோஸ்தான் வரும். பீஓஎஸ்சைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் தெரியாது. தயாரிப்பாளர்கள் தொடக்க வரிசையை மாற்றக் கூடாது என்று மைக்ரோசாஃப்டின் உரிம ஒப்பந்தம் தடுத்ததே காரணம் என்று பீ நிறுவனம் குற்றம் சாட்டி, 2002-இல் வழக்குத் தொடுத்தது. 2003-இல், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் பீ நிறுவனமே மூடப்படும் நிலைக்கு வந்திருந்தது. ஒரு இயங்குதளம் வட்டில் இருந்தாலும், தொடக்கப் பட்டியலில் அதன் பெயர் இல்லையென்றால் பயன்படுத்துபவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

2012-இல் விண்டோஸ் 8 உடன் செக்யூர் பூட் பரவலாக வந்தபோது இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. ஃபர்ம்வேர், தான் நம்பும் மின்னணுக் கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே தொடங்கவிடும் என்பது ஏற்பாடு. இயங்குதளத்துக்கு முன்பே நுழைந்துவிடும் தீநிரல்களைத் தடுக்க இது உண்மையிலேயே தேவை. ஆனால் கணினிகளில் பதிக்கப்பட்டு வருபவை மைக்ரோசாஃப்டின் சாவிகள். அப்படியானால் லினக்ஸ்? ஷிம் என்ற சிறிய நிரல் இதற்கு விடையானது. இதை உருவாக்குவதில் முன்னின்றவர் மேத்யூ கேரட். ஷிம்முக்கு மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இடுகிறது; ஷிம், தன்னிடம் உள்ள, அந்த லினக்ஸ் வகையை வெளியிடுபவரின் சாவியால் கிரப்பைச் சரிபார்க்கிறது; கிரப் வழியாக வரும் கெர்னலும் அப்படியே சரிபார்க்கப்படுகிறது. கணினியின் உரிமையாளர் தானே ஒரு சாவியைச் சேர்க்கவும் ஷிம் இடம் தருகிறது. என்விடியா போன்ற வெளி டிரைவர்களை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்வதும், அடுத்த தொடக்கத்தில் நீலத்திரையில் அதைக் கேட்பதும் இதற்காகத்தான். அந்தத் திரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

இந்த நம்பிக்கைச் சங்கிலி சில நேரம் அறுந்தும் போகிறது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, குறைபாடுள்ள பழைய தொடக்க நிரல்களை ஓடவிடாமல் தடுக்கும் பட்டியலைக் கணினிகளில் பதித்தது. டூயல் பூட் கணினிகளை அது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், பல கணினிகளில் அவற்றை அடையாளம் காணத் தவறியது. விளைவாக, அவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. செக்யூர் பூட்டைச் சிறிது நேரம் அணைத்து, லினக்சைப் புதுப்பித்து, மறுபடி இயக்கியவர்கள் மீண்டார்கள். இரண்டு இயங்குதளங்களையும் அவ்வப்போது தொடங்கிப் புதுப்பித்து வைத்திருப்பது, டூயல் பூட் வைத்திருப்பவரின் நிரந்தரக் கடமை.

மூன்று உரசல்கள்

எல்லையும் பாதையும் சரியாக அமைந்த பிறகும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சில உரசல்கள் வரும்.

முதலாவது, விண்டோசின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயக்கத்தில் இருக்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக முடிவதில்லை. தன் கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. இடையில் லினக்ஸ் அந்த என்.டி.எஃப்.எஸ். பார்ட்டிஷனில் எழுதிவிட்டால், விண்டோஸ் எழுந்ததும் தன் பழைய கணக்கை வைத்தே வேலை செய்து, கோப்புகள் சிதையும். இதனால்தான் லினக்ஸ் பல நேரம் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் அனுமதிக்கிறது. டூயல் பூட் வேண்டுமென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, கடிகாரம். மதர்போர்டில் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எண்ணுகிறது. இது டாஸ் காலத்து வழக்கம். அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எண்ணுகிறது. ஆகவே லினக்சைப் பயன்படுத்திவிட்டு விண்டோசுக்கு வந்தால், இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். பேட்டரி போய்விட்டது என்று கடைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு லினக்சில் ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது, பிட்லாக்கர். வட்டை மறையாக்கி வைக்கும் இந்த வசதியின் சாவி டி.பி.எம்.மில் இருக்கிறது. கணினி தொடங்கும் பாதையை டி.பி.எம். அளந்து வைத்திருக்கும். பாதை மாறினால் சாவியைத் தராது. அப்போது விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லாவிட்டால் தரவை மீட்க வழியே கிடையாது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளர் கேட்காமலேயே இந்த மறையாக்கம் இயங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே வேறெதைத் தொடுவதற்கும் முன்னால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும்.

செய்யும் வரிசை

இதுவரை பார்த்தவற்றிலிருந்தே செய்யும் வரிசை அமைந்துவிடுகிறது. முதலில் முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் பேக்கப் எடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். பிட்லாக்கர் மீட்பு எண்ணை எழுதி வைக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க வேண்டும். பிறகு விண்டோசுக்குள்ளிருந்தே இடத்தைச் சுருக்கி, அதைக் காலியாகவே விட்டுவிட வேண்டும். உபுண்டு போன்ற ஒன்றுக்குக் குறைந்தது 25 ஜிகாபைட், வசதியாக இருக்க 50-க்கு மேல்.

அடுத்து பென் டிரைவிலிருந்து லினக்சை நிறுவாமலே ஓட்டிப் பார்க்க வேண்டும். வைஃபை, ஒலி, டச்பேட், தமிழ் விசைப்பலகை எல்லாம் வேலை செய்கின்றனவா என்பது வட்டைத் தொடாமலே தெரிந்துவிடும். நிறுவும் நிரலில் வட்டே தெரியாவிட்டால், ஃபர்ம்வேரில் இன்டெல் ரெய்டு வகை அமைப்பு ஒன்று இயங்குவது காரணமாக இருக்கலாம். அதைத் திடீரென்று மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகும். அதற்கான முன்னேற்பாட்டைப் படித்துவிட்டே மாற்ற வேண்டும்.

நிறுவும்போது இரண்டு திரைகளில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. ‘வட்டை முழுதாக அழித்து நிறுவு’ என்பதற்கும் ‘விண்டோசுடன் சேர்த்து நிறுவு’ என்பதற்கும் நடுவே ஒரே ஒரு கிளிக்தான் வித்தியாசம். பார்ட்டிஷன்களைக் கையால் அமைப்பவர்கள், இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷனைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். ஃபார்மேட் செய்யச் சொல்லக் கூடாது. விண்டோசின் தொடக்க நிரலும் அங்கேதான் இருக்கிறது.

தனியாகச் செய்யத் தயங்குகிறவர்கள் துணை தேடலாம். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் செயல்பட்டு வந்துள்ளன. இப்படிப்பட்ட குழுக்கள், பக்கத்தில் உட்கார்ந்து நிறுவக் கற்றுத்தருவதைத் தங்கள் பணியாகவே கருதுகின்றன.

எல்லாருக்கும் டூயல் பூட் வேண்டும் என்பதில்லை. 16 ஜிகாபைட் நினைவகம் உள்ளவர், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டலாம். நிரல் எழுதுபவருக்கு, 2016 முதல் விண்டோசுக்குள்ளேயே கிடைக்கும் லினக்ஸ் துணை அமைப்பு போதுமானதாக இருக்கலாம். ஆனால் பழைய கணினிக்கு மறுவாழ்வு தர நினைப்பவருக்கும், கிராஃபிக்ஸ் கார்டின் முழு ஆற்றலும் வேண்டியவருக்கும், லினக்சை உள்ளபடியே அறிய விரும்பும் மாணவருக்கும் டூயல் பூட்டே பொருத்தம்.

2011-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோசோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. ஒரு தலைமுறை மாணவர்களின் மடியில் இரண்டு இயங்குதளங்கள் ஒருசேர வந்து சேர்ந்தன. கணினி தொடங்கும்போது தேர்வுப் பட்டியல் ஏன் தோன்றுகிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் பாடமாகியிருக்க வேண்டும். ஃபர்ம்வேர், பார்ட்டிஷன், கோப்பு முறைமை, கெர்னல், கையொப்பம் என்று கணினி அறிவியலின் அடித்தளங்கள் அத்தனையையும் ஒரே வேலையில் தொட்டுக் காட்டும் பயிற்சி இதைப்போல் வேறில்லை. பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் ஒதுக்கிவைத்த பழைய கணினி ஒன்றும் ஒரு பென் டிரைவும் போதும்; அதில் இழக்க எந்தத் தரவும் இல்லை. அங்கே ஒருமுறை எல்லை பிரித்து, பாதையைச் சரிசெய்து பழகிய மாணவருக்கு, தன் கணினியில் எது ஓட வேண்டும் என்பதை விற்றவர் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடத் தோன்றாது. புதிய மடிக்கணினி வாங்கும்போதும் அவர் விலையோடும் எடையோடும் சேர்த்து இன்னொன்றையும் கேட்பார்: இதன் தொடக்க வரிசையையும் செக்யூர் பூட் சாவிகளையும் நான் மாற்ற முடியுமா? வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் விற்கிறவர்கள் அந்த வசதியை விட்டுவைப்பார்கள்.